நமக்காகப் பேச யாரை அனுப்புவது?

குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் ஒரு பேக்கரி மாடியில் மாதத்துக்கு ஒருமுறை ஏழு பேர் கூடுகிறோம். ஏழும் மென்பொருள் எழுதிப் பிழைக்கும் சின்னக் கடைகள். குன்னூரில் மூன்று, கோத்தகிரியில் இரண்டு, ஊட்டியில் ஒன்று, கூடலூரில் ஒன்று. கூடலூர்க்காரர் மழைக்காலத்தில் வரமாட்டார். பாதை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். வேலைக்கு இருப்பவர்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 31 தலை. ஒருவர் தங்கும் விடுதிகளுக்கு அறைப் பதிவு செய்து தருகிறார், கோத்தகிரி அக்கா பள்ளிக் கட்டணக் கணக்கு. நான் பாட்லீஃப் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு, அதாவது விவசாயிகளிடம் இலை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலைகளுக்கு, கொழுந்துக் கணக்கு எழுதித் தருகிறேன். எந்த விவசாயி எத்தனை கிலோ போட்டார், ஏஜென்ட் பிடித்தது எவ்வளவு, முன்பணம் போக வங்கிக்குப் போக வேண்டியது எவ்வளவு, அவ்வளவுதான்.

போன வருடம் ஆளுக்கு மாதம் ஆயிரம் என்று போட்டு வைத்தோம். 84,000 ரூபாய் சேர்ந்தது. எதற்கு என்று கேட்டால், சென்னையிலும் டெல்லியிலும் மென்பொருள் தொழிலைப் பற்றி யாரோ சட்டம் எழுதுகிறார்கள், யாரோ நம் பெயரைச் சொல்லிப் பேசுகிறார்கள், அந்த யாரோவிடம் நம் சங்கதியும் போய்ச் சேர வேண்டும் என்பதற்கு. பணம் சேர்ந்ததும்தான் சிக்கல். யாரிடம் கொடுப்பது? இரண்டு கூட்டம் வர்க்கியும் டீயுமாகக் கரைந்தது. மூன்றாம் கூட்டத்துக்கு நான் ஒப்பிட்டு எழுதிக்கொண்டு போனதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து வைக்கிறேன்.

முதலில் எங்கள் கோரிக்கை. அது தெரியாமல் வழியை ஒப்பிட்டுப் பயனில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில் நடப்புக்கு வரும். என் கணினியில் விவசாயியின் பெயர், செல்பேசி எண், வங்கிக் கணக்கு, வாங்கிய முன்பணம் எல்லாம் கிடக்கிறது. சட்டத்தின் கண்ணில் அந்தத் தரவுக்குப் பொறுப்பு தொழிற்சாலை; நான் அதன் வேலைக்காரன். ஆனால் ஒப்பந்தத்தில் பொறுப்பை அப்படியே என் தலையில் கட்டுவார்கள் என்பது மலைக்கே தெரியும். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி வரை போகலாம். எங்கள் ஏழு கடைகளையும் விற்றால் ஒரு கோடி தேறுமா என்பது சந்தேகம்.

சட்டத்தின் 17ஆம் பிரிவில், மூன்றாம் உட்பிரிவில் ஒரு சந்து இருக்கிறது. கையாளும் தரவின் அளவையும் தன்மையையும் பார்த்து, ஸ்டார்ட்அப் உட்பட சில வகையினருக்கு மத்திய அரசு சில கடமைகளிலிருந்து விலக்கு அளிக்கலாம். அறிவிப்புக் கொடுப்பது, வேலை முடிந்த தரவை அழிப்பது, கேட்டவருக்கு விவரம் தருவது போன்றவை அதில் வரும். தரவைப் பூட்டி வைக்கும் கடமையிலிருந்து இந்தச் சந்து யாருக்கும் விலக்குத் தராது, தரவும் கூடாது. ஸ்டார்ட்அப் என்றால் அரசு அங்கீகாரம் பெற்ற பிரைவேட் லிமிடெட், கூட்டு நிறுவனம், எல்எல்பி என்று சட்டமே வரையறுக்கிறது. எங்களில் நான்கு பேர் தனி உரிமையாளர்கள். ஆக, எங்கள் கோரிக்கை முழுக்க அந்த 'உட்பட' என்ற ஒற்றைச் சொல்லில் தொங்குகிறது. ஸ்டார்ட்அப் உட்பட என்றால் வேறு வகையும் வரலாம் அல்லவா? குறுந்தொழில் என்று ஒரு வகையையும் அதில் சேருங்கள் என்பதே எங்கள் மனு.

இனி வழிகள். முதலில் எல்லார் வாயிலும் வந்தது மென்பொருள் நிறுவனங்களின் தேசியச் சங்கமான நாஸ்காம். 1988இல் தொடங்கியது. அதற்கு முன் மென்பொருள்காரர்கள் ஹார்ட்வேர்காரர்களின் சங்கமான மெய்ட்டுக்குள் ஒரு மூலையில் இருந்தார்கள். கணினிப் பெட்டி விற்பவரின் கவலையும் நிரல் எழுதுபவரின் கவலையும் வேறு என்று தனிக்குடித்தனம் வந்ததுதான் நாஸ்காம். தொண்ணூறுகளில் அதன் முகம் தேவாங் மேத்தா. 2001 ஏப்ரலில் சிட்னியில் இறக்கும் வரை, மென்பொருள் என்றாலே டெல்லிக்கு அவர் நினைவுதான் வரும். பிறகு கிரண் கார்னிக். அமெரிக்காவில் வேலை பறிபோகிறது என்று கூச்சல் எழுந்த காலத்தில் இந்தியத் தரப்பைச் சொன்னவர். 2014இல் தலைவரான ஆர். சந்திரசேகர் அதற்கு முன் மத்திய அரசில் தகவல் தொழில்நுட்பச் செயலாளராக இருந்தவர். இந்த ஒரு தகவல் போதும், கதவு எப்படித் திறக்கிறது என்று புரிய.

அவர்கள் சாதித்தது எதுவும் எங்களுக்கு உதவவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகும். கூடலூர்க்காரர் வீட்டிலிருந்தபடி வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குப் போனில் உதவி செய்பவர். முன்பு இந்த வேலைக்குத் தொலைத்தொடர்புத் துறையில் பதிய வேண்டும். ஆட்களை வீட்டிலிருந்து பேச விடுவதானால் வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும். 2020 நவம்பரில் அந்தப் பதிவையும் உத்தரவாதத்தையும் எடுத்துவிட்டார்கள். பல வருடம் நாஸ்காம் தட்டிய கதவு அது. கொரோனா வந்துதான் திறந்தது என்றாலும், தட்டிக்கொண்டே இருந்தவர் கையில் காகிதம் தயாராக இருந்தது. தரவுச் சட்டத்தின் கதையிலும் அவர்கள் உள்ளேயே இருந்தார்கள். அந்தச் சட்டத்துக்கு வரைவு எழுத 2017இல் அமைந்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவில், நாஸ்காம் உருவாக்கிய தரவுப் பாதுகாப்பு மன்றத்தின் தலைமை அதிகாரி ஓர் உறுப்பினர். தரவை இந்தியாவிலேயே வைக்க வேண்டும் என்ற பரிந்துரைக்கு அவர் மாற்றுக் கருத்தை எழுத்தில் பதிந்தார். வெளிநாட்டுக்குச் சேவை செய்யும் தொழிலுக்கு அந்தக் கட்டளை வலிக்கும், ஆகவே அது நியாயமான எதிர்ப்பு. எனக்கோ அது வலியும் இல்லை, சுகமும் இல்லை. பெட்டட்டி விவசாயியின் கணக்கு எந்த நாட்டு வட்டில் தூங்கினால் எனக்கென்ன?

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. பெரிய சங்கத்தில் கூகுள், மைக்ரோசாஃப்ட் வகையறாவும் உண்டு, லட்சக்கணக்கில் ஆள் வைத்திருக்கும் சேவை நிறுவனங்களும் உண்டு, எங்களைப் போன்ற எலிகளும் உண்டு. எல்லாருக்கும் ஒரே பசி இருக்கும் விஷயத்தில் அது புலி. பசி வேறுபடும் இடத்தில்? இணையத் தொழில் சங்கமான ஐஏஎம்ஏஐயில் 2023இல் நடந்தது நல்ல உதாரணம். பெருநிறுவனங்களை முன்கூட்டியே கட்டுப்படுத்தும் டிஜிட்டல் போட்டிச் சட்டம் வேண்டாம் என்று சங்கத்தின் பெயரில் ஒரு கருத்து அரசுக்குப் போனது. இது நம் கருத்தா, வெளிநாட்டுப் பெருநிறுவனங்களின் கருத்தா என்று இந்திய உறுப்பினர்கள் சிலர் பகிரங்கமாகவே கேட்டார்கள். சில மாதத்தில் தலைமை கூகுள்காரரிடமிருந்து இந்திய விளையாட்டுச் செயலி நிறுவனர் ஒருவரிடம் போனது. இதற்கு முன்பே, ப்ளே ஸ்டோர் கட்டணச் சண்டையில் சில ஸ்டார்ட்அப்கள் தனியாக ஏடிஐஎஃப் என்று ஒரு கூட்டணி கட்டிவிட்டன. மெய்ட்டிலிருந்து நாஸ்காம் பிரிந்த அதே கதை. இந்தத் துறையில் ஒவ்வொரு சங்கமும், முந்தைய சங்கத்தில் தன் குரல் கேட்கவில்லை என்றவர்கள் கட்டியதுதான்.

நீலகிரிக்காரனுக்கு இது புதிதும் இல்லை. குன்னூரில் இருக்கும் உபாசி 1893இல் தோன்றியது. தென்னிந்தியத் தோட்ட முதலாளிகளின் குரல். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அரசாங்கத்தோடு பேசிப் பழகியது. ஆனால் பசுந்தேயிலைக்கு விலை கேட்டு உண்ணாவிரதப் பந்தலில் உட்கார்ந்தது ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயி. அவருக்குத் தனிச் சங்கம். ஒரே செடி, ஒரே இலை, இரண்டு வாய். எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னதும் கோத்தகிரி அக்கா சிரித்தார்: "தம்பி, நீ இவ்வளவு சுத்தி வளைச்சு சொல்றத எங்க அப்பா ஒரே வார்த்தையில சொல்லுவாரு. அது தொர சங்கம்."

இரண்டாவது வழி ஐஸ்பிர்ட். 2013 பிப்ரவரியில், சேவை விற்பவர்களின் நிழலில் எங்கள் குரல் எடுபடவில்லை என்று மென்பொருளைப் பொருளாகச் செய்து விற்பவர்கள் நாஸ்காம் வட்டத்தை விட்டு வந்து அமைத்த வட்டமேசை. சங்கம் என்று சொல்லிக்கொள்வதில்லை, சிந்தனைக் குழு என்கிறார்கள். பெரும்பாலும் தன்னார்வலர்களை வைத்தே ஓட்டுகிறார்கள். நானும் பொருள் விற்பவன்தான் என்பதால் இவர்கள்மேல் எனக்கு ஒரு சாய்வு உண்டு, மறைக்கவில்லை.

இவர்கள் நின்ற சண்டைகளில் எனக்குப் பிடித்தது காப்புரிமைச் சண்டை. நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணினி நிரலுக்கு நிரல் என்ற அளவில் காப்புரிமை இல்லை என்கிறது. 2004 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டம் இதைத் தளர்த்தப் பார்த்தது. அடுத்த வருடம் நாடாளுமன்றம் அந்த வரியைத் தூக்கி எறிந்தது. 2015 ஆகஸ்டில் காப்புரிமை அலுவலகம் வழிகாட்டுதல் என்ற பெயரில் பின்கதவால் அதையே கொண்டுவந்தது. ஐஸ்பிர்டும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தாரும் சட்ட உதவி அமைப்பான எஸ்எஃப்எல்சியும் சேர்ந்து பிரதமர் அலுவலகத்துக்கே எழுதினார்கள். டிசம்பரில் வழிகாட்டுதல் நிறுத்திவைக்கப்பட்டது. 2016 பிப்ரவரியில் வந்த புதியது எங்களைப் போன்றவர்களுக்குச் சாதகம். நான்கு பேர் எழுதும் நிரலுக்கு எவனோ ஒருவன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பும் பயம் இல்லாமல் தூங்கினோம். ஆனால் 2017 ஜூனில் அதையும் திருத்தி, புதுமையான ஹார்ட்வேர் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். வெற்றியின் ஆயுள் 16 மாதம். களை பறித்த பாத்தியை விட்டுப் போனால் என்ன ஆகும் என்பதைத் தோட்டக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

ஐஸ்பிர்டில் எனக்குத் தயக்கமும் உண்டு. ஆதார், யுபிஐ போன்ற அரசின் பெரிய டிஜிட்டல் கட்டுமானங்களில் அவர்களின் தன்னார்வலர்கள் நெருங்கிக் கலந்தவர்கள். கட்டுபவரும் கருத்துச் சொல்பவரும் ஒருவரே ஆகும்போது விமர்சனம் கசக்கும். 2017இல் அதன் இணை நிறுவனர் ஒருவர், ஆதாரை விமர்சித்தவர்களைப் பெயரில்லாக் கணக்கிலிருந்து சாடியதற்குப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. இன்னொன்று, அங்கே நுழைவுச்சீட்டு நேரம். பெங்களூரில் மாலையில் போய் உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். எங்கள் ஏழு பேரில் யார் போவது? கடையைப் பூட்டிவிட்டு மேட்டுப்பாளையம் இறங்கினாலே அன்றைய பிழைப்பு போச்சு.

மூன்றாவது வழி, கூலிக்கு ஆள். ஒரு நண்பர் மூலம் கோவையிலிருந்து ஒருவர் அறிமுகமானார். ஓய்வுபெற்றவர், டெல்லியில் "எல்லாரையும் தெரியும்" என்றார். மாதம் 40,000 கேட்டார். எங்கள் வருடச் சேமிப்பு அவருக்கு இரண்டு மாதமும் ஒரு பஸ் டிக்கெட்டும். காசை விட எனக்கு வேறு கவலை. அமெரிக்காவில் 1995 சட்டப்படி, அரசிடம் பேசக் கூலி வாங்குபவர் யாருக்காக, எவ்வளவுக்கு என்று பதிவு செய்ய வேண்டும். இங்கே அப்படி ஒரு சட்டமே இல்லை. 2013இல் ஒடிசா எம்.பி. ஒருவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா அப்படியே போயிற்று. அதனால் நல்லவரும் தரகரும் ஒரே விசிட்டிங் கார்டோடு வருவார்கள். இப்படி அரசிடம் பேசிக் காரியம் சாதிப்பதற்குப் பெயர் லாபி. லாபி என்றால் எங்கள் ஊரில் உடனே வரும் சொல் 2ஜி. 2010இல் வெளிவந்த, லாபி செய்பவரான நீரா ராடியாவின் போன் பேச்சு ஒலிப்பதிவுகள் ஞாபகத்துக்கு வரும். அப்போது தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தவர் எங்கள் தொகுதி எம்.பி. என்பதால் டீக்கடையில் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எல்லாரையும் விடுவித்தது. ஆனாலும் லாபி என்ற சொல்லில் ஒட்டிய சேறு இன்னும் காயவில்லை. கூலி ஆள் வேண்டாம் என்பதில் ஏழு பேருக்கும் ஒரே மனது.

நான்காவது, நாமே எழுதுவது. இலவசம் என்பதால் எல்லாரும் இளக்காரமாகப் பார்த்த வழி இதுதான். மத்திய அரசின் 2014ஆம் வருடக் கொள்கைப்படி, சட்ட வரைவை மக்கள் பார்வைக்குக் குறைந்தது 30 நாள் வைக்க வேண்டும். எழுதினால் படிப்பார்களா என்று ஊட்டிக்காரர் கேட்டார். எங்கே எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் என்றால் வந்த கருத்து அத்தனையும் பொதுவில் போடுவார்கள். அதற்கு எதிர்க்கருத்துச் சொல்லவும் நாள் தருவார்கள். பிறகு நேரில் கூப்பிட்டும் கேட்பார்கள். 2015இல் இணையச் சமத்துவத்துக்காக 10 லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல் போனது அங்கேதான். மறு வருடம் பிப்ரவரியில், தளத்துக்கு ஒரு கட்டணம் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்று ஆணை வந்தது. (எழுதியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் சேர்த்தே டிராய் வெளியிட்டுத் தொலைத்தது. தரவுப் பாதுகாப்பு பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

தரவு விதிகளின் கதை அப்படியல்ல. 2025 ஜனவரியில் வரைவு வந்தது. மார்ச் 5 வரை கருத்து வாங்கினார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று வெளியிடமாட்டோம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். நாஸ்காம் என்ன கேட்டது என்பதை நாஸ்காமே சொன்னால்தான் தெரியும். எங்கள் காகிதம் எந்தக் கட்டில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இருட்டில் கேட்கும் இடத்தில் பெரிய குரலுக்கே காது. வெளிச்சத்தில் கேட்கும் இடத்தில் சின்னக் குரலும் பதிவாகும், நாளைக்கு எவராவது மேற்கோள் காட்டுவார். அதனால் டிராய் விஷயம் என்றால் நாமே எழுதுவது, தரவு விஷயம் என்றால் யார் முதுகிலாவது ஏறிப் போவது என்று எனக்குள் ஒரு கோடு விழுந்தது.

சின்னவர்களுக்கு என்று தனியாகக் கேட்டால் கிடைக்கும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 2022 ஏப்ரலில், கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது: கணினித் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். தொழில் அமைப்புகள் பலவும் முறையிட்டன. ஜூன் கடைசியில் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்குச் செப்டம்பர் 25 வரை தவணை வந்தது. மூன்று மாதம்தான், ஆனாலும் 'குறு' என்ற சொல் அந்தக் காகிதத்தில் ஏறியது. இங்கே ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். மழையில் ஒரு மரம் விழுந்தால் கோத்தகிரியில் கரண்டும் இணையமும் சேர்ந்தே போகும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது யார் 6 மணி நேரத்தில் எதைத் தெரிவிப்பது? இதை டெல்லியில் நமக்காக ஒருவர் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது. சொல்ல வேண்டியது நாம்.

எம்.பி. வழி பற்றிச் சுருக்கமாக. அவர் கேள்வி கொடுத்து அது குலுக்கலில் ஏறிவிட்டால், அமைச்சகம் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். அந்தப் பதில் நிரந்தர ஆவணம். செலவு ஒரு மனு. ஆனால் எங்கள் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். மூன்று மலை மேல், மூன்று கீழே. யானை, இ-பாஸ், பசுந்தேயிலை விலை, அவிநாசிப் பக்கத்துக் கவலைகள் எல்லாம் தாண்டி எங்கள் 'உட்பட' அவர் மேசைக்கு வர வேண்டும். கொடுத்து வைப்போம், நம்பி இருக்க வேண்டாம்.

ஏழு பேரும் சேர்ந்து மலை மாவட்ட மென்பொருள் சங்கம் என்று பெயர்ப்பலகை மாட்டலாமே என்று ஊட்டிக்காரர் கேட்டார். தலைவர், செயலாளர், பொருளாளர், துணைத் தலைவர் போக மிச்சம் மூன்று உறுப்பினர். பேச்சு அங்கேயே முடிந்தது.

எழுதி முடித்துத் திரும்பப் படித்தபோதுதான் நான் பார்க்காமல் விட்டது தெரிந்தது. சட்டப்படி தரவுக்குப் பொறுப்பு தொழிற்சாலை. அப்படியானால் 17(3) விலக்கு கேட்க வேண்டியவர் நானே அல்ல, என் வாடிக்கையாளர்! விலக்கு அவருக்குக் கிடைத்தால் என் தலைச்சுமை தானாக இறங்கும். பாட்லீஃப் தொழிற்சாலைகளுக்குச் சங்கம் இருக்கிறது. தேயிலை வாரியத்தோடும் வர்த்தக அமைச்சகத்தோடும் மல்லுக்கட்டிப் பழகிய சங்கம். டெல்லிக்கு வழி தெரியும். பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் அப்படியே. மென்பொருள்காரனுக்காக மென்பொருள்காரன்தான் பேச வேண்டும் என்று யார் சொன்னது? நாஸ்காம் போய்க் கேட்டால் அது இன்னொரு தொழில்துறைக் கோரிக்கை. தேயிலைக்காரர் போய், "அறிவிப்பை 22 மொழியில் எதில் வேண்டுமானாலும் கேட்கலாம் என்கிறீர்கள், எங்கள் விவசாயி பேசும் படுகு அந்தப் பட்டியலிலேயே இல்லை" என்று சொன்னால் அது கதை. அதிகாரி நிமிர்ந்து பார்ப்பார். படுகு பேசுபவர் தமிழ் படிப்பார், அது வேறு விஷயம்.

ஆக, நான் வைத்த முடிவு இது. நாஸ்காமில் ஏழு பேரும் சேர வேண்டாம். கூடலூர்க்காரர் மட்டும், அவர் வேலையும் அவர்களின் வேலையும் ஒன்றாக இருப்பதால், சேரட்டும். அவர் சந்தாவில் பாதியைப் பொதுப்பணம் தரும். ஐஸ்பிர்ட் பக்கம் ஒரு கண் வைத்திருப்போம், காப்புரிமை மாதிரி ஒன்று திரும்ப வந்தால் அன்றைக்கு ஓடுவோம். மிச்சப் பணத்தில் ஒரு நல்ல வக்கீலைப் பிடித்து, குறுந்தொழில் விலக்குக் கோரும் மனுவை இரண்டே பக்கத்தில் எழுதி வாங்குவது. அதைத் தேயிலை, பள்ளி, விடுதிச் சங்கங்களின் கையில் கொடுத்து அவர்கள் கடிதத் தாளில் போகச் செய்வது.

ஐந்து பேர் ஒத்துக்கொண்டார்கள். ஊட்டிக்காரர் இல்லை. "தொழிற்சாலைக்காரர் நமக்காகப் பேசுவார்னு நம்புறீங்களா அண்ணா? ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அதே காகிதத்தைக் காட்டி நம்ம ரேட்டைக் குறைப்பார்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. குறைக்கக் கூடியவர்தான்.

இரண்டு பக்க வரைவு வந்துவிட்டது. என் வாடிக்கையாளர் ஒருவரிடம் முதலில் காட்ட வேண்டும். ஏல நாளில் அவரிடம் பேச முடியாது. விலை விழுந்திருந்தால் மறுநாளும் முடியாது. சனிக்கிழமை, கொழுந்து இறங்கும் நேரம் தாண்டிப் போகலாம் என்று இருக்கிறேன்.